எவாஞ்சலியன் தொடரின் கடைசி இரண்டு பகுதிகள்: கதை முடிக்கப்பட்டதா, கைவிடப்பட்டதா?

வைகறை கேட்டது:

(முடிவு பற்றிய விவரங்கள் அனைத்தும் கீழே உள்ளன. தொடரைப் பார்க்காதவர்கள் படிக்க வேண்டாம்.)

நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன் என்ற ஜப்பானிய அனிமே தொடரை நெட்பிளிக்ஸில் முழுவதுமாகப் பார்த்து முடித்தேன். 24ஆம் பகுதி வரை இமை கொட்டாமல் பார்க்க வைத்த தொடர், 25ஆம் பகுதி தொடங்கியதும் வேறு எதுவாகவோ மாறிவிட்டது. மனித உயிர்கள் அனைத்தையும் ஒன்றாகக் கரைக்கும் அந்தத் திட்டம் நிறைவேறியதா, பின்னாலிருந்து இயக்கிய சீலே அமைப்பு என்ன செய்தது, ராட்சத இயந்திரங்களை இயக்கும் நெர்வ் அமைப்பின் தலைமையகம் என்ன ஆயிற்று என்ற எந்தக் கேள்விக்கும் எனக்கு விடை கிடைக்கவில்லை. அந்த இயந்திரங்களில் ஒன்றை ஓட்டும் சிறுவன் ஷின்ஜி ஒரு மடக்கு நாற்காலியில் விளக்கொளிக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான். ஒருவர் மாற்றி ஒருவர் அவனைக் கேள்வி கேட்கிறார்கள். எழுத்துகள் மட்டுமே நிறைந்த திரைகள் வந்து போகின்றன. முன்பே பார்த்த காட்சிகள் மறுபடியும் வருகின்றன. இறுதியில் தெரிந்த முகங்கள் எல்லாம் அவனைச் சூழ்ந்து நின்று கைதட்டி வாழ்த்துகின்றன, அவன் நன்றி சொல்கிறான், அத்துடன் தொடர் முடிந்துவிடுகிறது.

என்னை மிகவும் வருத்தியது, ஷின்ஜியைப் போலவே இயந்திரம் ஓட்டும் அசுகாவின் நிலைதான். 24ஆம் பகுதியில் இடிந்துபோன வீடு ஒன்றின் குளியல் தொட்டியில், உடல் மெலிந்து, வாழும் விருப்பமே அற்றவளாக அவள் கிடப்பதைப் பார்த்தோம். அத்தனை ஆழமாகச் செதுக்கப்பட்ட ஒரு பெண், கடைசிப் பகுதியில் கைதட்டும் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இது பணமும் நேரமும் தீர்ந்துபோனதால் நேர்ந்த முடிவு என்று சிலர் சொல்கிறார்கள். இயக்குநர் ஹிடேயாக்கி அன்னோ வேண்டுமென்றே செய்தது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். 1996இல் ஜப்பானில் இதைப் பார்த்தவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? இந்த இரண்டு பகுதிகளையும் நான் எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும்? தொடரை நேசித்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கல்தச்சன் எழுதியது:

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காய்னாக்ஸ் ஸ்டுடியோ தயாரித்த இத்தொடர் 1995 அக்டோபர் 4 முதல் 1996 மார்ச் 27 வரை டிவி டோக்கியோவில் புதன்கிழமை தோறும் மாலை 6.30 மணிக்கு ஒளிபரப்பானது. சிறுவர்கள் தொலைக்காட்சி முன் உட்காரும் நேரம் அது. ராட்சத இயந்திரங்கள் அரக்கர்களுடன் மோதும் கதையாகத் தொடங்கியதை ஆறு மாதம் வாரந்தோறும் காத்திருந்து பார்த்தவர்களுக்கு, கடைசி இரண்டு வாரங்களில் கிடைத்தது நீங்கள் பார்த்த அந்த இரண்டு பகுதிகள். அவர்களுக்கு அடுத்து ஒரு திரைப்படம் வரும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளவும் அப்போது வழியில்லை. கோபம் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை இதை மனத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

நேர நெருக்கடி உண்மையானது. பிற்பாதிக்கு வரும்போது தயாரிப்பு அட்டவணை முற்றிலும் குலைந்து, வரைந்து முடிக்க ஆளும் அவகாசமும் இல்லாத நிலை வந்துவிட்டது. 25ஆம் பகுதிக்கென முதலில் திட்டமிட்ட கதை வேறு. அதைத் தரமாக எடுக்க இயலாது என்று ஆனபோது, குறைந்த ஓவியங்களைக் கொண்டு செய்யக்கூடிய ஒரு வடிவத்துக்கு மாறினார்கள். ஒதுக்கி வைத்த அந்தக் கதைதான் பின்னர் திரைப்படத்தின் முதல் பாதியாக உருவெடுத்தது. 26ஆம் பகுதியில் கோட்டோவியங்கள், புகைப்படங்கள், திரைக்கதைத் தாள்கள் எல்லாம் அப்படியே காட்டப்படுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அவற்றில் ஒரு பங்கு தேவையால் வந்தது என்பதை மறுப்பதில் பொருளில்லை.

ஆனால் முடிவு முன்கூட்டியே தீட்டி வைக்கப்பட்டிருந்து, நேரமின்மையால் மட்டும் பறிபோனது என்று நினைத்துவிடாதீர்கள். ஒளிபரப்புக்கு முன்பே, இதே கதையின் சித்திரக்கதை வடிவத்தின் முதல் தொகுதியில் அன்னோ ஒரு குறிப்பு எழுதியிருந்தார். நான்கு ஆண்டுகள் எதுவும் செய்ய இயலாத, உடைந்துபோன மனிதராகத் தாம் இருந்ததை அதில் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். ஷின்ஜியும், அவனைக் கவனித்துக்கொள்ளும் நெர்வ் அதிகாரி மிசாட்டோவும், இயந்திரம் ஓட்டும் இன்னொரு பெண்ணான ரெய்யும் கடைசியில் எங்கே போய்ச் சேருவார்கள் என்பது தமக்கே தெரியாது என்றும் அதிலேயே எழுதினார். தம் மனநிலை போகும் திசையில் கதையையும் போக விட்ட படைப்பாளி அவர்.

திரைப்படம் வந்த கதையும் நேரானது இல்லை. 1997 மார்ச் 15இல் வெளியான முதல் படத்தில் பெரும்பகுதி தொடரின் மறுதொகுப்பு. புதிய முடிவின் தொடக்கம் மட்டுமே அதில் தயாராக இருந்தது. முழு முடிவு அதே ஆண்டு ஜூலை 19இல் 'தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன்' என்ற பெயரில் வெளியானது. 25ஆம், 26ஆம் பகுதிகளுக்கு மாற்றாக இரண்டு புதிய பகுதிகளைக் கொண்டது அந்தப் படம். முதல் பாதியை கசுயா சுருமாக்கியும் இரண்டாம் பாதியை அன்னோவும் இயக்கினர்.

செங்காந்தள் எழுதியது:

மேலே சொல்லப்பட்ட வரலாறு சரியானது. ஆனால் அட்டவணை குலைந்ததைச் சொல்லி நிறுத்திவிட்டால், இந்த இரண்டு பகுதிகளையும் மன்னிக்கத்தான் முடியுமே தவிர மதிக்க முடியாது. இவை மதிக்கத் தக்கவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். தொடரின் மிகத் துணிச்சலான மணித்துளிகள் சில இவற்றில்தான் இருக்கின்றன.

இந்த வடிவம் திடீரென்று முளைத்ததன்று. 14ஆம் பகுதியில் ரெய் தன்னைப் பற்றித் தனக்குள் பேசிக்கொள்ளும் நீண்ட தனிமொழி இருக்கிறது. 16ஆம் பகுதியில் ஏஞ்சல் எனப்படும் அரக்கன் ஒன்றின் நிழலுக்குள் விழுங்கப்பட்ட ஷின்ஜி, ஓடும் ரயில் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருக்கும் தன்னோடு தானே வாதாடுகிறான். 20ஆம் பகுதியின் கணிசமான பங்கு, இயந்திரத்துக்குள் கரைந்துபோன அவன் மனத்துக்குள் நடக்கிறது. அசையாத படத்தை நீண்ட நேரம் நிறுத்தி வைப்பதும் புதிதன்று. 22ஆம் பகுதியில் மின்தூக்கிக்குள் அசுகாவும் ரெய்யும் ஒரு சொல்லும் பேசாமல் நிற்கும் காட்சி ஏறக்குறைய ஒரு நிமிடம் நீள்கிறது. 24ஆம் பகுதியில் நண்பனாக வந்து ஏஞ்சல் என்று தெரியவந்த காவோருவைக் கையில் பிடித்தபடி ஷின்ஜியின் இயந்திரம் அசையாமல் நிற்க, பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி ஒலித்துக்கொண்டிருக்க, ஒரு நிமிடத்துக்கும் மேலாக எதுவுமே நடப்பதில்லை. பார்த்துக்கொண்டிருந்த நமக்கு மூச்சு அடைத்தது. அதைச் சிக்கனம் என்று அன்று யாரும் குறை சொல்லவில்லை. கடைசி இரண்டு பகுதிகள் அந்த உத்தியையே எல்லை வரை கொண்டு செல்கின்றன.

அடுத்து, 26ஆம் பகுதியில் ஒரு காட்சியைத் திரும்பவும் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வெற்றுத் திரையில் ஷின்ஜி வெறும் கோட்டுருவமாக மிதக்கிறான். எதுவும் இல்லாத, யாரும் தடுக்காத, முழுச் சுதந்திரமான உலகம் இது என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்போது அவனுக்கு ஒரு கட்டுப்பாடு தருகிறோம் என்று சொல்லி, அவன் காலடியில் ஒரே ஒரு கிடைக்கோடு வரையப்படுகிறது. அந்தக் கோடு வந்தவுடன் மேல், கீழ் என்ற திசைகள் உண்டாகின்றன; ஒரு சுதந்திரம் பறிபோகிறது; ஆனால் அவனால் இப்போது நிற்க முடிகிறது, நடக்க முடிகிறது. பிறர் இல்லாவிட்டால் தன் உருவமே தனக்குத் தெரியாது என்ற பேச்சுக்கு அங்கிருந்துதான் கதை நகர்கிறது. அப்பாவிடமிருந்தும், மனிதர்களிடமிருந்தும், இயந்திரத்திலிருந்தும் ஓடக் கூடாது என்று முதல் பகுதியிலிருந்தே தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த சிறுவனுக்கு, பிறர் என்பவர்கள் தன்னை நெருக்கும் சுவர் மட்டுமல்லர், தான் நிற்பதற்கான தரையும் அவர்களே என்று விளங்கவைக்க ஒரு பென்சில் கோடு போதுமாயிருக்கிறது. கோடிகளைக் கொட்டி ஒரு போர்க் காட்சியை எடுத்திருந்தாலும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

அதன் பின் வரும் பள்ளிக்கூடக் கனவையும் பாருங்கள். அசுகா பக்கத்து வீட்டுத் தோழியாக வந்து அவனை எழுப்புகிறாள். அம்மா யூய் அடுக்களையில் பாத்திரம் கழுவுகிறார். அப்பா கெண்டோ செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரொட்டித் துண்டை வாயில் கவ்வியபடி ரெய் ஓடிவந்து அவன் மேல் மோதுகிறாள். சிரிப்பூட்டும் காட்சிதான். ஆனால் ஒரு சாதாரண வீடு ஷின்ஜிக்கு எவ்வளவு எட்டாத பொருளாக இருந்தது என்பதை 24 பகுதிகள் பார்த்தவர்களுக்கு அது மார்பில் குத்தும். இப்படியும் ஒரு தான் இருக்கக்கூடும், ஆகவே இப்போதிருக்கும் தானும் மாறாத விதியன்று என்று அவன் உணர்ந்த பிறகே அந்தக் கைதட்டல் வருகிறது. கைதட்டல் அவன் வென்றதற்காக அன்று. இங்கே இருக்கத் தனக்கும் அனுமதி உண்டு என்று, வாழ்க்கையில் முதன்முறையாக, யாரும் கட்டாயப்படுத்தாமல் அவனே சொல்லிக்கொண்டதற்காக.

உங்கள் முதல் கேள்விக்கும் விடை தொடரிலேயே இருக்கிறது. 26ஆம் பகுதியின் தொடக்கத்தில் திரையில் வரும் எழுத்துகளை நிதானமாகப் படியுங்கள்: ஆண்டு 2016, மனிதர்கள் இழந்த மனத்தை நிறைவு செய்யும் பணி தொடர்ந்துகொண்டிருக்கிறது, அனைத்தையும் விவரிக்க நேரம் போதாது, ஆகவே ஷின்ஜி என்னும் சிறுவனின் மனத்தைப் பற்றி மட்டும் சொல்கிறோம் என்ற பொருளில் அவை அமைந்திருக்கின்றன. அதாவது திட்டம் நிறைவேறிக்கொண்டிருக்கிறது. நாம் அதை ஒருவனுடைய உள்ளத்திலிருந்து பார்க்கிறோம்.

நெடுவழி எழுதியது:

செங்காந்தள் அவர்கள் அந்தக் கோட்டைப் பற்றி எழுதியதை முழுமனத்தோடு ஏற்கிறேன். இருந்தும் ஏமாந்த பார்வையாளரின் பக்கம் நின்று சில சொற்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த முடிவைப் பிடிக்காதவர்கள் எல்லாம் போர்க் காட்சிக்கு அலைந்தவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது அநியாயம்.

ஒரு தொடர் தன் பார்வையாளருக்கு வாக்குக் கொடுக்கிறது. நெர்வின் அடித்தளத்தில் சிலுவையில் அறையப்பட்ட வெள்ளை உருவம் எது, ரெய் எப்படி உருவாக்கப்பட்டாள், உளவாளி காஜி எதைத் தேடி உயிரை விட்டார் என்று ஒவ்வொரு முடிச்சாகப் போட்டுக் காட்டியவர்கள் படைப்பாளிகளே. அவற்றை நாம் கேட்டு வாங்கவில்லை. பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டு, கூட்டும் பொரியலும் வரிசையாகப் பரிமாறிவிட்டு, சோறு வரும் வேளையில் சாப்பிட்டது போதும் என்று எழுப்பிவிட்டால், எழுந்தவனுக்குச் சுவை தெரியவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஷின்ஜியின் மனம் தெளிவதுதான் கதையின் உயிர் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தெளிவை அவன் எந்த நிகழ்வுக்கு எதிரே நின்று பெற்றான் என்பது தெரிந்திருந்தால் அதற்கு இன்னும் கனம் கூடியிருக்கும்.

மிசாட்டோவையும் நெர்வின் விஞ்ஞானி ரிட்சுகோவையும் எண்ணிப் பாருங்கள். 25ஆம் பகுதியில் மிசாட்டோ குருதியில் சாய்ந்து கிடப்பதும், ரிட்சுகோவின் உடல் நீரில் மிதப்பதும் கண நேரம் காட்டப்படுகின்றன. எப்படி, யாரால், ஏன் என்று ஒரு சொல் இல்லை. திரைப்படத்தைப் பார்த்த பிறகே, படையினரின் குண்டு பட்டு மிசாட்டோ இறப்பதும், கெண்டோ ரிட்சுகோவைச் சுடுவதும் நமக்குத் தெரிகிறது. அப்படியானால் அந்த நிகழ்வுகள் படைப்பாளிகளின் மனத்தில் அப்போதே இருந்திருக்கின்றன. 1996இல் பார்த்தவருக்கு அவற்றின் விளிம்பு மட்டுமே காட்டப்பட்டது. அசுகா பற்றி வைகறை எழுப்பிய குறை இதே வகையைச் சேர்ந்தது. அதற்குச் சரியான மறுமொழி தொலைக்காட்சி முடிவுக்குள் இல்லை என்பதே என் கருத்து. 25ஆம் பகுதியில் அவளுடைய உள்ளமும் விசாரிக்கப்படுகிறது, ஆனால் விசாரணை முடிந்தபின் அவளுக்கு எதுவும் வழங்கப்படுவதில்லை.

கோபம் நியாயமானது என்று சொல்லும்போது ஒன்றைத் தனியே பிரித்துச் சொல்லியாக வேண்டும். படைப்பாளியை வசைபாடியதும் கொலை மிரட்டல் விடுத்ததும் எந்த வகையிலும் நியாயமில்லை. 1997 திரைப்படத்தில் ஓரிடத்தில் ஓவியம் நின்றுபோய், உண்மையான திரையரங்கு ஒன்றில் அமர்ந்திருக்கும் பார்வையாளர்கள் திரையில் தோன்றுகிறார்கள். அன்னோவைக் கொல்வேன் என்பது போன்ற வரிகளும் மின்னி மறைகின்றன. மனச்சோர்விலிருந்து எழுந்து வந்து, தன் நோவையே கதையாக்கிய ஒரு மனிதருக்கு அத்தகைய சொற்களை அனுப்பியவர்கள் தொடரிலிருந்து எதைத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

வைகறை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. 26ஆம் பகுதியின் தொடக்க எழுத்துகளை மறுபடி பார்த்தேன். சப்டைட்டிலில் அவை வேகமாக ஓடிவிடுகின்றன. முதன்முறை நான் அவற்றைப் படிக்கவே இல்லை. அந்தக் கைதட்டல் காட்சியும் இப்போது முன்பு போல் எரிச்சலூட்டவில்லை. ஆயினும் இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. திரைப்படம் தொலைக்காட்சி முடிவை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்காருகிறதா, அல்லது இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றனவா? பின்னாளில் வந்த நான்கு படங்களையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டுமா?

கல்தச்சன் எழுதியது:

படைப்பாளிகள் இதற்கு ஒரே விடையைக் கட்டாயமாக்கவில்லை. நெடுவழி சுட்டிய மிசாட்டோ, ரிட்சுகோ காட்சிகள் இரண்டிலும் பொருந்துவதால், தொலைக்காட்சியில் பார்த்தது உள்ளே நடந்தது, திரைப்படத்தில் பார்ப்பது வெளியே நடந்தது என்று எடுத்துக்கொள்வதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஆனால் இரண்டும் எல்லா இடத்திலும் ஒட்டாது என்பதையும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் ஷின்ஜி வாழ்த்தொலிக்கு நடுவே புன்னகை செய்கிறான். திரைப்படத்தில் அதே முடிவுக்கு, அதாவது பிறரோடு சேர்ந்து வாழும் உலகமே தனக்கு வேண்டும் என்ற முடிவுக்கு, அவன் வந்து சேர்ந்த பிறகும், சிவந்த கடற்கரையில் விழித்தெழுந்து அசுகாவின் கழுத்தை நெரிக்கிறான். அவள் கையை உயர்த்தி அவன் கன்னத்தைத் தடவியதும் உடைந்து அழுகிறான். தெளிவு பெற்ற மறுநொடியே மனிதன் திருந்திவிடுவதில்லை என்பதை அந்தக் காட்சி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. வன்முறை மிகுந்த படம் அது. மனம் சோர்ந்திருக்கும் நாளில் பார்க்க வேண்டாம் என்று அக்கறையோடு சொல்கிறேன்.

பின்னாளில் வந்தவை தனி. 2006இல் அன்னோ காரா என்ற தம் சொந்த ஸ்டுடியோவைத் தொடங்கினார். 2007 முதல் 2021 வரை அது கதையைப் புதிதாக நான்கு திரைப்படங்களில் சொல்லியது. கடைசிப் படம் 2021 மார்ச் 8இல் வெளியாகி, ஜப்பானில் 1000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. அதன் முடிவில் வளர்ந்த இளைஞனாக ஷின்ஜி நிற்கும் ரயில் நிலையம், யமாகுச்சி மாகாணத்தில் அன்னோ பிறந்த உபே நகரத்தில் உள்ளது. அந்த முடிவுக்கும் எதிர்ப்பு இருந்தது. ஷின்ஜி யாரோடு கைகோத்து ஓடுகிறான் என்பதைப் பற்றி இன்றும் சச்சரவு நடக்கிறது. ஆனால் 1996இன் கொந்தளிப்போடு ஒப்பிட்டால் அது அமைதியான வரவேற்பு. தொலைக்காட்சித் தொடரும் 1997 திரைப்படமும் மனத்தில் ஊறிய பிறகு அவற்றுக்கு வாருங்கள்.

செங்காந்தள் எழுதியது:

நெடுவழி அவர்களுக்கு ஒரு மறுப்பு. அசுகாவுக்குத் தொலைக்காட்சி முடிவு எதுவும் வழங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். திரைப்படம் அவளுக்குக் கொடுத்ததும் குறைவில்லாத கொடுமைதான். ஏரியின் அடியில் இயந்திரத்துக்குள் சுருண்டு கிடந்தவள், தன் தாய் எப்போதும் தன்னோடுதான் இருந்தாள் என்று உணர்ந்து எழுந்து, ஒன்பது எதிரி இயந்திரங்களைத் தனியொருத்தியாக வீழ்த்துகிறாள். அவை மீண்டும் எழுந்து வந்து அவளைச் சிதைக்கின்றன. நீங்கள் கேட்ட சோறு அதுதான். அதைப் பெற்ற பிறகும் அவளுடைய மனத்துக்கு ஆறுதல் கிடைத்ததாக எனக்குப் படவில்லை. நிகழ்வுகள் எல்லாம் விளக்கப்பட்டுவிட்டால் முடிவு நிறைவாகிவிடும் என்ற உங்கள் வாதம், உங்களுக்கு மிகவும் நெருக்கமான அந்தப் பாத்திரத்திடமே தடுக்கி விழுகிறது.

நெடுவழி எழுதியது:

ஆறுதல் கிடைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவள் என்ன ஆனாள் என்பது எனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டேன். தாயைத் தான் கண்டுகொண்டதாக அவள் கத்தி எழும் அந்தச் சில நிமிடங்கள், பிறகு அவளுக்கு நேர்ந்தது எவ்வளவு கொடியதாக இருந்தாலும், அவளுடையவை. குளியல் தொட்டியில் விட்டுவிட்டு வந்த பெண்ணுக்கு அந்தச் சில நிமிடங்களை 1996இலேயே கொடுத்திருக்க வேண்டும். கைதட்டும் வட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டாலும் எனக்கு மறுப்பில்லை.